கொட்டைக்கரந்தைத் தலையணை

“பின்பக்கம்தாங்க முக்கியம். மூஞ்சி எப்படி இருந்தாலும் அது அல்லா குடுத்தது, நாம ஒண்ணும் பண்ண முடியாது. பின்மண்டை மட்டும் நம்ம கையிலதான் இருக்குது,” என்றார் ஜகபர் அலி.

செஞ்சி ரேஷன் கடை வாசலில் மண்ணெண்ணெய்க்கு நின்ற வரிசையில் யாரும் அவரை ஒன்றும் கேட்டிருக்கவில்லை. அவருக்கு முன்னால் நின்ற அம்மாள்தான் லாரி வந்துவிட்டதா என்று கேட்டிருந்தாள். அதுவும் கடைக்காரரைப் பார்த்து.

“நேத்துலேர்ந்து லேசா ஒரு மேடு எழும்புது. தொட்டாத்தான் தெரியும், பாத்தா தெரியாது,” என்று அவர் மேலே போனார்.

“யாருக்குங்க பாய்? கட்டியா?” என்றாள் அந்த அம்மாள், கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டு.

“கட்டியா! பேரங்க! என் பேரன்! மொதப் பேரன்!” என்று ஜகபர் அலி போட்ட சத்தத்தில் உள்ளே சர்க்கரை நிறுத்துக்கொண்டிருந்தவர் தராசை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தார். “கொட்டைக்கரந்தைப் பூவைத் தலவாணியில அடைச்சி அதுல படுக்க வெச்சிருக்கேன். உருண்டைப் பூ. அதுல படுத்தா உருண்டை மண்டை. கணக்கு சரியா வருதா இல்லியா?”

மண்ணெண்ணெய் இன்றைக்கு வராது என்று கடைக்காரர் சொன்னார். வரிசையில் நின்ற எல்லோரும் முணுமுணுத்தபடி கலைந்தார்கள். ஜகபர் அலி மட்டும் காலி டின்னை ஆட்டிக்கொண்டு, கல்யாண வீட்டிலிருந்து திரும்புகிறவரைப் போல முகமெல்லாம் சிரிப்பாக வீட்டுக்கு நடந்தார்.

அவருக்கு அப்போது ஐம்பத்து மூன்று வயது. மெத்தை, தலையணை தைக்கிறவர். பஞ்சு கொட்டுகிற ஆளுயர வில்லைத் தோளில் மாட்டிக்கொண்டு, சைக்கிளில் தெருத்தெருவாகப் போவார். முனையில் நின்று நாணை மரக்கட்டையால் ஒரு தட்டு தட்டினால் ‘டொய்ங்’ என்று ஒரு சத்தம் கிளம்பும். பழைய மெத்தை வைத்திருப்பவர்கள் வெளியே வருவார்கள். பிரித்து, கல்லாகக் கட்டிப்போன பஞ்சை வில்லால் கொட்டி நுரைபோல ஆக்கி, மறுபடி அடைத்துத் தைத்துக் கொடுப்பார். இந்தத் தொழிலுக்கு ஊர் அவரைப் பஞ்சு பாய் என்றுதான் கூப்பிட்டிருக்க வேண்டும். ஆனால் பலகை பாய் என்றுதான் கூப்பிட்டது.

காரணம் அவருடைய தலை. முன்பக்கத்தில் ஒரு குறையும் இல்லை. நல்ல நெற்றி, நல்ல மூக்கு. பின்பக்கம் வந்தால் திடீரென்று முடிந்துபோகும். உச்சியிலிருந்து பிடரி வரைக்கும் ஒரே நேர்க்கோடு. சுவரில் சாய்ந்து நின்றால் தலைக்கும் சுவருக்கும் நடுவில் ஓர் எறும்பு போக வழி இருக்காது.

அவர் பிறந்தது நிலக்கடலை பிடுங்குகிற காலம். கூலிக்குக் கடலை ஆயப் போன அவருடைய அம்மா, கைக்குழந்தையை மாட்டுவண்டியின் பலகையில் கிடத்திவிட்டு வேலை செய்தாள். சமர்த்துக் குழந்தை. அழவும் இல்லை, புரளவும் இல்லை. அந்தச் சமர்த்துக்குக் கிடைத்த பரிசுதான் இந்தத் தலை.

பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்பு வரைக்கும் போனார். ஆடி மாதக் காற்றில் வகுப்புக் கதவு படபடவென்று அடித்துக்கொள்ளும். வாத்தியார் அவரைக் கூப்பிட்டுக் கதவில் சாய்ந்து நிற்கச் சொல்வார். “மத்த பசங்களை நிறுத்துனா தலை உருளுது, கதவு ஆடுது. இவன் ஒருத்தன்தான் தாப்பா மாதிரி நிக்கிறான்” என்பார். ஆடி முடிகிறவரை கதவாகவே நின்ற ஜகபர் அலி, ஆவணி பிறந்ததும் அப்பாவோடு பஞ்சு கொட்டப் போய்விட்டார்.

தொழுகையில் குனிந்தால் தொப்பி முன்னால் வந்து விழும். பின்னால் பிடித்துக்கொள்ள அதற்கு ஒன்றும் இல்லை. நிக்காஹ் அன்றைக்கு மாப்பிள்ளை முகத்தை மறைத்துத் தொங்கவிடும் பூச்சரத் திரைக்கும் அதே கதிதான். காஜியார் சம்மதமா என்று கேட்கும்போது, கட்டியிருந்த சரம் வழுக்கி அப்படியே மடியில் விழுந்தது. எடுத்துக் கட்டப் பின்னால் போன பெண்வீட்டார் அப்போதுதான் விஷயத்தைப் பார்த்தார்கள். அதற்குள் மாப்பிள்ளை சம்மதம் சொல்லிவிட்டார்.

“முன்பக்கத்தையே காட்டி ஏமாத்திட்டாங்க. பொண்ணு பாக்க வந்தன்னிக்கு ஒருத்தராச்சும் அவரைத் திரும்பி உக்காரச் சொல்லியிருக்கலாம்,” என்று அவருடைய மனைவி மெஹபூப் பீ இன்றைக்கும் சொல்வாள். கோபமாகச் சொல்ல மாட்டாள். சோறு போடும்போது, கொஞ்சம் ரசம் ஊற்றிக்கொள்ளுங்கள் என்று சொல்வதைப் போலச் சொல்வாள்.

இதையெல்லாம் ஜகபர் அலி தாங்கிக்கொண்டார். தாங்க முடியாமல் போனது ஒன்றே ஒன்றுதான். மகள் அசீசுன்னிசாவுக்கு அவலூர்பேட்டையில் சம்பந்தம் பேசி முடித்த அன்று, பிரியாணி சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டே சம்பந்தி பீர் முகமது ஒரு வார்த்தை சொன்னார். அவருக்குக் கடைத்தெருவில் கயிற்றுக்கடை. பேச்சும் கயிறு மாதிரிதான் நீளமாக வரும்.

“எங்க வம்சத்துல ஒருத்தனுக்குக்கூட மண்டை கோணல் கிடையாதுங்க சம்பந்தி. எல்லாம் பூசணிக்கா மாதிரி இருக்கும். பொண்ணு, மாஷா அல்லா, அம்மா மாதிரி. நாளைக்கு ஒரு பேரன் பொறந்தான்னா, உங்க குணம் வரட்டும், உங்க தொழில் வரட்டும். தலை மட்டும் எங்க வூட்டுதா இருக்கட்டும். நாப்பது நாள் முடிஞ்சி தாயையும் புள்ளையையும் கூட்டிட்டுப் போக நானே வருவேன். மொதல்ல பின்மண்டையைத்தான் தடவிப் பாப்பேன்!”

எல்லோரும் சிரித்தார்கள். ஜகபர் அலியும் சிரித்தார். சிரிப்பு அடங்கிய பிறகும் அந்தப் பேச்சு அவருடைய பின்மண்டையிலேயே உட்கார்ந்துகொண்டது. அங்கேதான் உட்கார வசதியாக இடம் இருந்தது.

எண்பத்து நாலாம் வருஷம் மாசி மாதம் பேரன் பிறந்தான். தலைப்பிரசவம், அம்மா வீட்டில். நர்ஸம்மா துணியில் சுற்றிக் கொண்டுவந்து நீட்டியதும் ஜகபர் அலி ஆணா பெண்ணா என்று கேட்கவில்லை. கையை நேராகக் குழந்தையின் தலைக்குப் பின்னால் கொடுத்தார்.

“இன்னா பெரியவரே, மாம்பழமா பாக்குறீங்க? அமுக்காதீங்க!” என்று நர்ஸம்மா அதட்டினாள்.

பிசைந்து வைத்த மாவைப் போல இருந்தது. எந்தப் பக்கம் வேண்டுமானாலும் போகலாம். அன்றைக்கே அவருக்குத் தூக்கம் போய்விட்டது.

ஏழாம் நாள் பேர் வைத்து முடி எடுத்தார்கள். கரீம் என்று பேர். முடி போனதும் உண்மை வெளியே வந்துவிட்டது. பின்பக்கம் வலது ஓரத்தில், யாரோ கட்டைவிரலால் தேய்த்துவிட்டதைப் போல ஒரு சப்பை.

“பாத்தியா? பாத்தியா?” என்றார் ஜகபர் அலி. “என் தலை வந்துட்டு இருக்குது!”

“பொறந்த புள்ளைங்களுக்கு அப்படித்தாங்க இருக்கும். நான் கடுகுத் தலவாணி தெச்சி வெச்சிருக்கேன். அதுல படுக்க வெச்சா சரியாப் பூடும்,” என்றாள் மெஹபூப் பீ.

ஊரில் பெற்றவர்கள் எல்லோரும் செய்வதுதான். சின்னப் பையில் கடுகை நிரப்பிக் குழந்தையின் தலைக்குக் கீழே வைப்பார்கள். ஜகபர் அலி அதை எடுத்து உள்ளங்கையில் வைத்து அமுக்கிப் பார்த்தார். நாற்பது வருஷத்துக்கு மேலாகத் தலையணை தைக்கிறவரின் முகம் சுருங்கியது.

“இது தலவாணி இல்ல மெஹபூபு. இது கோழை. தலை அமுக்குனா கடுகு ஓடிப் போயிடுது. தலைக்குப் பயந்து வழி விடுது. தலைதான் அதுக்குப் பயந்து உருளணும். கடுகுக்கு வெடிக்கத் தெரியும், தாளிக்கத் தெரியும், தாங்கத் தெரியாது.”

“அப்ப கருங்கல்ல வெச்சிப் படுக்க வைங்க,” என்று சொல்லிவிட்டு அவள் அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள்.

அடுத்த நாள் சிங்கவரத்தில் ஒரு மெத்தை வேலைக்குச் சைக்கிளில் போனார். போகிற வழியில் அறுவடை முடிந்த கழனி ஒன்று முழுக்க ஊதா நிறத்தில் கிடந்தது. கொட்டைக்கரந்தை. நெல் அறுத்த ஈரத்தில் தானாக முளைத்துத் தரையோடு படர்ந்து பூக்கிற செடி. வருஷா வருஷம் அங்கேதான் பூக்கிறது. அவரும் வருஷா வருஷம் அதைத் தாண்டித்தான் போகிறார். அன்றைக்குத்தான் அதன் பூ கண்ணில் பட்டது. சுண்டைக்காய் அளவில், தனித்தனி இதழ் இல்லாமல், சுற்றிச் சுற்றி எந்தப் பக்கம் பார்த்தாலும் உருண்டை. ஒன்றைப் பறித்து இரண்டு விரலால் நசுக்கினார். அமுங்கியது. விரலை எடுத்ததும் பழையபடி எழும்பி உட்கார்ந்தது.

“அமுங்குது, ஆனா தோக்க மாட்டேங்குது!” என்று சத்தமாகச் சொல்லிவிட்டுச் சைக்கிளை வரப்பில் சாய்த்துவிட்டுக் கழனியில் இறங்கினார்.

“பாய்! என் கழனியில இன்னா தேடுறீங்க?” என்று வரப்பிலிருந்து ஒரு குரல் வந்தது. கழனிக்குச் சொந்தக்காரர் செல்லப்பன். தலையில் பெரிய தலைப்பாகை கட்டிய ஆள். அதைக் கழற்றி யாரும் பார்த்ததில்லை.

“தேடல செல்லப்பா. கண்டுபிடிச்சிட்டேன். இந்தப் பூ ரெண்டு மூட்டை வேணும்.”

“இதுவா? மாடுகூட மோந்து பாத்துட்டு மூஞ்சைத் திருப்பிக்கிட்டுப் போவுது. உங்களுக்கு எதுக்கு?”

“சும்மா, ஒரு வேலைக்கு.”

‘சும்மா’ என்ற வார்த்தையைக் கேட்டதும் செல்லப்பனின் கண் சுருங்கியது. ஒன்றும் இல்லாத விஷயத்துக்கு எவனும் இரண்டு மூட்டை கேட்க மாட்டான்.

“மெட்ராஸ்ல எவனோ கேக்குறான், இல்ல பாய்? போன வருஷம் இப்படித்தான், வேப்பங்கொட்டையைச் சும்மா பொறுக்கிட்டுப் போறேன்னு ஒருத்தன் சொன்னான். லாரி வந்தப்பதான் எங்களுக்கு வெசயமே தெரிஞ்சுது. கப்பலுக்குத்தானே போவுது இது?”

“கப்பலும் இல்ல, ஒண்ணும் இல்ல செல்லப்பா.”

“அப்ப ஏரோப்ளேனா? வாணாம் பாய். ஒரு பூ எடுக்கக் கூடாது. நாளைக்கு ஏர் பூட்டுறதா இருந்தேன், அதுவும் இல்ல. இதுக்குத் தண்ணி கட்டப் போறேன்.”

களைக்குத் தண்ணீர் கட்டுகிற அளவுக்கு விஷயம் முற்றிவிட்டது. ஜகபர் அலிக்கு வேறு வழி தெரியவில்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, கழனி நடுவில் செல்லப்பனுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றார்.

“பாத்துக்க. இது என் பேரனுக்கு வரக் கூடாது. அதுக்குத்தான் பூ.”

பின்னாலிருந்து ஏதோ துணி அவிழ்கிற சத்தம் கேட்டது. ஜகபர் அலி திரும்பிப் பார்த்தார். செல்லப்பன் தலைப்பாகையைச் சுற்றுச் சுற்றாக அவிழ்த்து, அதைத் தோளில் போட்டுக்கொண்டு, அவரும் திரும்பி நின்றார். ஜகபர் அலியின் தலை பலகை என்றால் செல்லப்பனுடையது முறம். நடுவில் சின்னதாகப் பள்ளம்கூட இருந்தது.

“எங்கம்மா என்னைக் கல்லாங்குத்துல போட்டுட்டு நாத்து நட்டுச்சு பாய்,” என்றார் செல்லப்பன். “என் பொண்டாட்டிக்குக்கூடத் தெரியாது. தலைப்பாவோடத்தான் தூங்குறேன்.”

இரண்டு பேரும் ஒருவர் பின்மண்டையை மற்றவர் தொட்டுப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது, புல்லுக்கட்டோடு வரப்பில் வந்த பக்கத்துக் கழனி ரஞ்சிதம் நின்றாள்.

“இன்னாண்ணே, பேன் பாக்குறீங்களா?”

“ஆமா, போ போ,” என்று செல்லப்பன் அவசரமாகத் தலைப்பாகையைச் சுற்றினார். அவள் போனதும் ரகசியமாகக் கேட்டார். “பாய், எவ்ளோ வேணா எடுத்துக்கங்க. ஆனா எனக்கும் ஒரு தலவாணி.”

“உனக்கு எலும்பு இறுகிப் போச்சு செல்லப்பா. பச்சை மண்ணுக்குத்தான் இது.”

“இறுகினா இன்னா? நான் இன்னும் கொஞ்சம் அமுக்கிப் படுத்துக்கிறேன்.”

இரண்டு மூட்டை பறித்தார்கள். இலை கையில் பிசுபிசுவென்று ஒட்டியது. வாசனை அதைவிட மோசமாக ஒட்டியது. கஷாயக் கடையில் விழுந்து எழுந்ததைப் போல ஒரு வாடை. பள்ளிவாசலில் பக்கத்தில் நின்றவர், “உடம்பு சரியில்லியா பாய்?” என்று விசாரித்தார். “உடம்பு இல்லீங்க, தலை. எனக்கில்ல, பேரனுக்கு,” என்றார் இவர்.

கயிற்றுக் கட்டிலில் பரப்பி வெயிலில் காய வைத்தார். காய்ந்ததும் காம்பு தூசி எல்லாம் புடைத்துத் தள்ளி, உருண்டைகளை மட்டும் பொறுக்கினார். மெஹபூப் பீயின் பழைய, மெல்லிய வாயல் புடவையில் உறை தைத்தார். நடுவில் பூ, சுற்றிலும் குத்தாமல் இருக்க இலவம்பஞ்சு. ஊரில் எத்தனையோ மாப்பிள்ளைகளுக்கு மெத்தை தைத்தவர், உள்ளங்கை அகலத் தலையணைக்கு இரண்டு நாள் எடுத்துக்கொண்டார். தைத்துப் பிரித்துத் தைத்துப் பிரித்து, கடைசியில் அதைக் கரீமின் தலைக்குக் கீழே வைத்தபோது, ஒரு சின்னச் சரசரப்பு எழுந்தது. குழந்தை கண்ணை அகல விரித்தது. ஒரு கொட்டாவி விட்டது. தூங்கிப்போனது.

“நைனா, புள்ள தொட்டில்ல இருக்குதா, நாட்டு மருந்துக் கடையில இருக்குதான்னே தெரியல. வூடே நாறுது,” என்றாள் அசீசுன்னிசா, மூக்கைப் பிடித்துக்கொண்டு.

“நாறுனா நாறட்டும்மா. தூங்குறான் பாரு. உன் மாமனாருக்கு மூக்கால பாக்குற பழக்கம் இல்ல, கையாலதான் பாப்பாரு.”

அன்றிலிருந்து தினமும் விடிந்ததும் பேரனைத் தூக்கிக்கொண்டு வாசலில் வந்து நிற்பார். எதிரே ராஜகிரி மலை. யாரோ கொண்டுவந்து கொட்டிவிட்டுப் போனதைப் போல மலை முழுக்க உருண்டை உருண்டையாகப் பாறைகள்.

“பாருடா கரீமு, எவ்ளோ பெரிய மண்டைங்க! ஒண்ணாச்சும் சப்பையா இருக்குதா? இதுங்களை எல்லாம் எந்தத் தலவாணியில போட்டு வளத்தாங்களோ!”

கரீம் பாறைகளைப் பார்க்க மாட்டான். தாத்தாவின் தாடியைத்தான் பார்ப்பான். அதைப் பிடிக்கக் கையை நீட்டி, பிடிக்கத் தெரியாமல், தன் மூக்கிலேயே குத்திக்கொள்வான். அப்படியொரு திறமை உலகத்தில் வேறெந்தக் குழந்தைக்கும் கிடையாது என்று ஜகபர் அலி பஜார் முழுக்கச் சொல்லிவிட்டார்.

ரேஷன் கடை வரிசையில் பேசியது இந்த நாட்களில்தான். பின்னால் மேடு எழும்பியது உண்மை. ஆனால் வலது ஓரத்துச் சப்பை போகவில்லை. போகாதது மட்டுமல்ல, கொஞ்சம் கூடிக்கொண்டே வந்தது. தலையணையைப் பிரித்தார். நசுங்கிய பூக்களை எடுத்துவிட்டுப் புதுப் பூ போட்டார். வலது பக்கம் கூடுதலாகப் போட்டார். எதற்கும் அந்தச் சப்பை மசியவில்லை. நாற்பது நெருங்கிக்கொண்டிருந்தது. இவருக்குச் சோறு இறங்கவில்லை. சம்பந்தியின் கை கனவில் வந்தது. கை மட்டும் தனியாகக் கயிற்றுக்கடையிலிருந்து புறப்பட்டு, பஸ் ஏறி வந்தது.

காரணத்தைக் கண்டுபிடித்தவள் அசீசுன்னிசா.

“நைனா, ஒண்ணு சொன்னா கோச்சிக்க மாட்டியே? நீ முத்தத்துல வில்லைத் தட்டுறியே, அந்தச் சத்தம் வந்தாப் போதும், இவன் அந்தப் பக்கம் தலையத் திருப்பிக்கிறான். நீ நிறுத்துற வரைக்கும் வலது பக்கமாவே படுத்துக் கெடக்குறான்.”

ஜகபர் அலி நம்பவில்லை. முற்றத்துக்குப் போய் ஒரு தட்டு தட்டினார். டொய்ங். ஓடிவந்து பார்த்தார். பேரன் வலது பக்கம் திரும்பிக் கிடந்தான். வில்லைத் தூக்கிக்கொண்டு இடது பக்கச் சந்துக்குப் போனார். டொய்ங். ஓடிவந்தார். மூச்சு வாங்கப் பார்த்தால், சூரியகாந்திப் பூ திரும்புவதைப் போல அந்தச் சின்னத் தலை இடது பக்கம் திரும்பியிருந்தது.

அவரை அவருடைய அம்மா பலகையில் போட்டாள். அவர் பேரனைப் பூவில் போட்டுவிட்டு, தானே சத்தம் போட்டுச் சத்தம் போட்டு அந்தத் தலையைத் தேய்த்திருக்கிறார்.

“அப்ப கொட்டுறதை நிறுத்திடுங்க,” என்றாள் மெஹபூப் பீ.

“நிறுத்தினா புள்ள ஏங்கிப் பூடுவான். நிறுத்தக் கூடாது. திருப்பிப் போடணும்,” என்றார் அவர். “நீ அடை சுடுறே இல்ல? ஒரே பக்கமா வேகவெச்சா இன்னா ஆவும்?”

மறுநாளிலிருந்து ஜகபர் அலி வேலையைத் தூக்கிக்கொண்டு வீட்டைச் சுற்ற ஆரம்பித்தார். காலையில் முற்றத்தில் பாதிப் பஞ்சு. பிறகு சந்தில் கொஞ்சம். வெயில் ஏறியதும் அடுப்பங்கரையில்.

“குழம்புல பஞ்சு மெதக்குதுங்க!”

“எடுத்துப் போட்டுட்டு ஊத்து. மண்டை பெருசா, குழம்பு பெருசா?”

வலதும் இடதும் சரியாகிவிட்டது. நடுப்பக்கம்தான் பாக்கி. பூத்தலையணை நடுவில் தன் வேலையைச் செய்ய வேண்டுமானால் குழந்தை நேராக மேலே பார்த்துப் படுக்க வேண்டும். நேராக மேலே பார்க்க வேண்டுமானால் சத்தம் மேலேயிருந்து வர வேண்டும். ஜகபர் அலி ஏணியைச் சாய்த்தார். வில்லோடும் கட்டையோடும் கூரை மேல் ஏறி, நான்கு ஓடுகளை நகர்த்திவிட்டு, கால்களைப் பரப்பி உட்கார்ந்துகொண்டு தட்டினார். டொய்ங். கீழே கரீம் மல்லாந்து படுத்தபடி வானத்திலிருந்து வருகிற சத்தத்தை வாயைப் பிளந்து பார்த்தான்.

தெருவில் போனவர்கள் நின்றார்கள். “ஓடு மாத்துறீங்களா பலகை பாய்?”

“இல்லப்பா, மண்டை உருட்டுறேன்!”

மிச்சப் பூவில் ஜகபர் அலி தைத்துக் கொடுத்த தலையணையில் படுத்துவந்த செல்லப்பன், இந்த நேரத்தில்தான் சிங்கவரத்திலிருந்து வந்து சேர்ந்தார். ஏணியடியில் நின்று சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுத் தலைப்பாகையைக் கழற்றினார்.

“பாய், எறங்கி வந்து கொஞ்சம் தொட்டுப் பாருங்க. ஏதாச்சும் எழும்பியிருக்குதா?”

ஜகபர் அலி கூரையிலிருந்தே பார்த்தார். முறம் முறமாகத்தான் இருந்தது. அதைச் சொல்ல மனம் வரவில்லை.

“பள்ளம் கொஞ்சம் ரொம்பியிருக்குது செல்லப்பா.”

“எனக்கும் அப்படித்தான் தோணுது!” என்று செல்லப்பனின் முகம் மலர்ந்துவிட்டது. “ஆனா ஒரு சிக்கல் பாய். நான் களைக்குத் தண்ணி கட்டுறதைப் பாத்துட்டுப் பக்கத்துக் கழனிக்காரன் எல்லாம் ஏர் பூட்டாம உக்காந்திருக்கிறான். லாரி என்னிக்கு வருதுன்னு என்னியக் கேக்குறாங்க. வரும் வரும்னு சொல்லி வெச்சிருக்கேன்.”

நாற்பதாம் நாள் விடிந்தது. அசீசுன்னிசா தலைக்குக் குளித்துப் புதுப்புடவை கட்டியிருந்தாள். பெட்டி வாசலுக்கு வந்துவிட்டது. உத்திரத்திலிருந்து தூளியை அவிழ்த்து மடித்தாகிவிட்டது. கொட்டைக்கரந்தைத் தலையணை, வாடை வெளியே வராமல் இருக்க இரண்டு பையில் போட்டு முடியப்பட்டு, பெட்டி மேல் உட்கார்ந்திருந்தது. இனி அவலூர்பேட்டை வீட்டில்தான் அது சரசரக்கும்.

ஜகபர் அலி வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்துகொண்டிருந்தார். விடிந்ததிலிருந்து பேரனின் தலையை எத்தனை முறை தடவினார் என்று அவருக்கே தெரியாது. வலது பக்கம் தடவுவார், இடது பக்கம் தடவுவார், கண்ணை மூடிக்கொண்டு தடவுவார். கரீம் அவர் தாடியைப் பிடிக்கக் கையை நீட்டினான். அன்றைக்கு முதல் முறையாக மூக்கில் குத்திக்கொள்ளாமல், குறி தப்பாமல், தாடியைப் பிடித்தும்விட்டான்.

“வந்துட்டாருங்க,” என்றாள் மெஹபூப் பீ.

பீர் முகமது முதல் பஸ்ஸில் வந்திருந்தார். வெள்ளை ஜிப்பா, கையில் ஒரு டப்பா அல்வா. சலாம் சொன்னார். உட்கார்ந்தார். தண்ணீர் குடித்தார். பஸ்ஸில் கூட்டம் என்றார். வெயில் இப்போதே இப்படி இருக்கிறதே என்றார். ஜகபர் அலிக்கு அந்தக் கயிறு எப்போது முடியும் என்றிருந்தது. கடைசியில் அவர் கையை நன்றாகக் கழுவித் துடைத்துக்கொண்டு, “குடும்மா என் சிங்கத்தை,” என்று நீட்டினார்.

அசீசுன்னிசா பிள்ளையைக் கொடுத்தாள். மெஹபூப் பீ முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். பீர் முகமது சொன்னபடியே செய்தார். முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. உள்ளங்கையை அகல விரித்துப் பின்மண்டையில் வைத்தார். கண்ணை மூடினார். உச்சியிலிருந்து பிடரிக்கு ஒரு தரம். வலமிருந்து இடமாக ஒரு தரம். மறுபடி ஒரு தரம், இன்னும் மெதுவாக. சந்தையில் பூசணிக்காய் வாங்குகிறவர்கூட இவ்வளவு பார்க்க மாட்டார்.

கண்ணைத் திறந்தார். முகம் பளபளத்தது.

“மாஷா அல்லா! உருண்டைன்னா இதுதான் உருண்டை! எங்க வம்சம்! எங்க அத்தாவோட தலை அப்படியே வந்திருக்குது, பாத்தீங்களா சம்பந்தி? நான் அன்னிக்கே சொன்னேனே, எங்க ரத்தம் தோக்காதுன்னு! கெளம்பும்மா, அடுத்த பஸ்ஸுக்கே போயிடலாம். வூட்ல எல்லாரும் காத்துட்டு இருக்காங்க.”

மெஹபூப் பீ புருஷனைப் பார்த்தாள். முப்பது வருஷத்தில் அவள் அவரை அப்படிப் பார்த்ததில்லை. தலையைப் பார்க்காமல், முகத்தை மட்டும் பார்த்தாள். ஜெயித்துவிட்டீர்கள் என்று அந்தப் பார்வை சொன்னது. அசீசுன்னிசா சிரித்துக்கொண்டே தலையணைப் பையை எடுத்துக் கையில் மாட்டிக்கொண்டாள்.

ஜகபர் அலி சிரிக்கவில்லை. தூளி இல்லாத உத்திரத்தைப் பார்த்தார். சம்பந்தியின் மடியில், தாடி எங்கே என்று தேடிக் கையை ஆட்டிக்கொண்டிருந்த பேரனைப் பார்த்தார். சம்பந்திக்குத் தாடி கிடையாது. வழித்த முகம். பெட்டியைத் தூக்க பீர் முகமது எழுந்தபோது, ஜகபர் அலி குறுக்கே போய் நின்று, பேரனை வாங்கி மார்பில் சாய்த்துக்கொண்டு சொன்னார்:

“அவசரப்படாதீங்க சம்பந்தி, இன்னொரு வாட்டி நல்லாத் தடவிப் பாருங்க. பின்னாடி கொஞ்சம் சப்பையாத்தான் இருக்குது. ஒரு மாசம் இங்கியே படுக்க வெச்சாத்தான் சரியாவும்.”